கம்பளி சூடு தராது

அன்புள்ள சீனு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அடுத்த அறையில் தூங்குகிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். ஓசூரில் உன் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து உன் எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லிவிடப் பார்க்கிறேன். "சாப்பிட்டியா", "ஆபீஸ் கேப் வந்துடுச்சா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. கல்லூரியில் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவன்தான். ஆனால் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவது வேறு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவது வேறு. காகிதமென்றால் தப்பாகச் சொன்னதை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். இதை நான் இரண்டு முறை கிழித்துப்போட்டு எழுதுகிறேன்.

உன் மாமியார் குழந்தையை எடுத்து உன்னிடம் நீட்டியபோது நீ என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்காது. அரையடி பின்னால் போனாய். "இருக்கட்டும் அத்தை, உங்ககிட்டயே இருக்கட்டும், நான் பாத்துட்டுதானே இருக்கேன்" என்று சிரித்தாய். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சியில் வைத்த பொருளைப் பார்ப்பதுபோலத் தொட்டிலருகே நின்றாய். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். உன் மனைவி தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த விதத்தை நீ யாரிடம் கற்றாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் வீட்டில் பெரியவர்கள் எதிரே ஆண்பிள்ளை தன் குழந்தையைத் தூக்குவதில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் அப்பா என் தம்பியைத் தூக்கி நான் பார்த்ததில்லை, பெரியப்பாவும் அப்படித்தான். குழந்தை அழுதால் "யாராவது பாருங்க" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். சமஸ்தான காலத்தில் உத்தியோகத்துக்கு வந்து இந்தப் பெங்களூரோடு தங்கிவிட்ட குடும்பம் நம்முடையது. மொழியில் பாதி கன்னடம் கலந்துவிட்டது, சாப்பாட்டில் ராகி கலந்துவிட்டது, இந்த ஒரு கூச்சம் மட்டும் கலப்பில்லாமல் அப்படியே வந்து சேர்ந்தது. நீ பிறந்தபோது நானும் தொட்டிலருகே நின்றேன். எப்படி நின்றேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது வந்த அந்தக் குளிர்காலம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி நம் லே-அவுட்டில் அப்போது வீடுகள் குறைவு. இன்று உன் அலுவலகம் இருக்கும் பக்கமெல்லாம் தைலமரமும் ராகி வயலும். நமக்கு எதிரே ஒரு அடுக்குமாடிக் கட்டடம் பாதியில் நின்றிருந்தது. பங்குதாரர்களுக்குள் வழக்கு. தளம் போட்டிருந்தார்கள், சுவர் எழுப்பியிருந்தார்கள், ஜன்னலுக்கும் கதவுக்கும் வெறும் ஓட்டைகள். வேலைக்கென்று கொடுத்திருந்த தற்காலிக மின் இணைப்பையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பியும் சிமெண்டும் திருடு போகாமலிருக்கத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஏழுமலை என்று ஒருவரைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறையில் அவரும் அவர் மனைவி கஸ்தூரியும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு குடியிருந்தார்கள். தண்ணீர் மட்டும் நம் வீட்டுக் குழாயிலிருந்து.

கஸ்தூரிக்கு நாள் கணக்குக்கு முன்பே வலி வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் பிரசவம். பெண் குழந்தை. ஒரு கட்டிலுக்கு இரண்டு தாய்மார் படுத்திருந்த இடத்தில், குழந்தை பால் உறிஞ்சுகிறது என்று தெரிந்ததும், சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மார்கழி தொடங்கியிருந்தது. பெங்களூர்க் குளிர் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு சுகம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காபி குடிக்கலாம். ஆனால் அந்தக் கட்டடம் ஏரியைப் பார்த்தபடி நின்றது. ஏரிக்காற்று ஒரு ஓட்டையில் நுழைந்து இன்னொன்றில் வெளியே போகும். சிமெண்டுத் தரை பகலில்கூடக் காலைக் கடிக்கும். காலையில் பனிமூட்டத்தில் அந்தக் கட்டடமே நமக்குத் தெரியாது; ஏழுமலை இருமுவது மட்டும் கேட்கும்.

முதலில் போய்ப் பார்த்தவள் உன் அம்மாதான். திரும்பி வந்து, "குழந்தை கால் ஜில்லுனு இருக்குங்க. எலிக்குஞ்சு மாதிரி இருக்கு. அழக்கூட மாட்டேங்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க முன்ரூம்ல வெச்சுக்கலாம்ல?" என்றாள். முன்ரூமுக்கு அடுத்தது உன் தாத்தாவின் அறை. தினமும் பூஜை செய்கிறவர், தீட்டு பார்க்கிறவர், பிள்ளை பெற்று இன்னும் தலைக்குத் தண்ணீர் ஊற்றாத பெண்ணை வீட்டுக்குள் விடுவாரா என்று நினைத்தேன். "அப்பாகிட்ட கேக்கறேன்" என்றேன்.

"கேப்பீங்க, கேப்பீங்க. அந்தக் குழந்தை காலேஜுக்குப் போறதுக்குள்ள கேட்டுடுவீங்க" என்றாள் உன் அம்மா.

நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேலையில் இறங்கினேன். பயந்தவனுக்கு வேலை ஒரு நல்ல மறைவிடம், சீனு. பிளாஸ்டிக் தாள் வாங்கி ஜன்னல் ஓட்டைகளை அடைத்தேன். வாசலுக்குச் சாக்குப்படுதா. பாய்க்கு அடியில் வைக்கோல், அதன் மேல் செய்தித்தாள். கல்லூரி ஆய்வகத்திலிருந்து வெப்பமானியைக் கொண்டுவந்து அறையின் நான்கு மூலையிலும் அளந்தேன். ஏழுமலை கரி அடுப்பை உள்ளே வைக்கப் போனபோது, மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும் என்று தடுத்தேன். அது மட்டும் சரியாகச் செய்தேன். கடைசியாக, என் தாத்தா காலத்துக் காஷ்மீர் கம்பளிச் சால்வையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குழந்தையைச் சுற்றினேன். அதற்கு மேல் ஒரு ரக்குப் போர்வை. மூக்கு மட்டும் தெரிந்தது. திருப்தியாக வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

மறுநாள் குழந்தை இன்னும் குளிர்ந்திருந்தது. பாலாடையில் கொடுத்த பால் கடைவாயில் வழிந்தது. உதட்டோரம் நீலம். இன்னொரு துணி சுற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா என்னைத் தள்ளிவிட்டு ஆட்டோ கூப்பிட்டாள்.

மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் ஒரு கன்னடப் பெண் டாக்டர். நம்மூர் டாக்டர்கள்போல எல்லா மொழியும் பேசுவார். என் கையிலிருந்த மூட்டையை வாங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"ஏனு ஸ்வாமி இது, பார்சலா? யாரு சுத்தினது?"

"நான்தான் டாக்டர். கம்பளி... குளிருக்கு..."

"கம்பளி சூடு குடுக்குமா? உள்ள இருக்கற சூட்டை வெளிய விடாது, அஷ்டே, அவ்வளவுதான். இந்தக் கூசு, பச்சக் குழந்தை, இதுகிட்ட சூடே இல்லயே. குளிரைத்தான் சுத்தி வெச்சிருக்கீங்க. நீங்க என்ன வேலை?"

"காலேஜ்ல ஃபிசிக்ஸ்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றினால் சீக்கிரம் உருகுமா, மெதுவாக உருகுமா என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களைக் கேட்பவன் நான். மெதுவாகத்தான் உருகும், கம்பளி தானாக வெப்பம் தருவதில்லை என்று விளக்கிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். என் கையில் ஓர் உயிர் பனிக்கட்டிபோல் கிடந்தபோது எனக்கு அது தோன்றவில்லை.

டாக்டர் குழந்தையை மொத்தமாக அவிழ்த்து, தலைக்கு ஒரு குல்லாவும் இடுப்பில் ஒரு துணியும் மட்டும் விட்டு, கஸ்தூரியின் ரவிக்கைக்குள், நெஞ்சோடு நெஞ்சாக, தவளை ஒட்டிக்கொண்டதுபோல் வைத்தார். அதற்கு மேலே என் சால்வையைச் சுற்றினார். "சூட்டுப் பெட்டி எல்லாம் ஃபுல். இதுதான் பெட்டி. வெளிதேசத்துல இப்ப இப்படித்தான் செய்யறாங்க. ராத்திரி பகல் எறக்கக் கூடாது. இவங்க குளிக்கப் போனா வேற யாராவது வெச்சுக்கணும். பாட்டியோ அப்பாவோ, யாரோ ஒருத்தர். கூசுக்கு யாரு நெஞ்சுன்னு பேதம் தெரியாது." சாயங்காலம்வரை அங்கேயே ஒரு பெஞ்சில் இருந்தோம். குழந்தையின் உதட்டில் நிறம் திரும்புவதை நான் பார்த்தேன். கஸ்தூரி குனிந்து பார்த்து, "ஒதைக்கிது டீச்சரம்மா" என்று உன் அம்மாவிடம் சொன்னாள்.

அந்தக் கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கட்டடத்துக்குத் திரும்பிய பிறகு சில நாள் நன்றாகப் போனது. குழந்தை கஸ்தூரியின் மேலேயே கிடந்து பால் குடித்தது, தூங்கியது. பிறகு கஸ்தூரிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் நடுக்கம் வரும்போது அவள் பல் கிட்டித்துக்கொள்ளும். மேலே கிடந்த குழந்தையும் சேர்ந்து ஆடும். உன் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும், அரையாண்டுப் பரீட்சை நேரம். எனக்குக் கல்லூரி விடுமுறை. ஏழுமலை இருந்தார்.

"ஏம்பா, நீதானே அப்பன். சட்டையக் கழட்டிட்டு வாங்கிக்க" என்றாள் உன் அம்மா.

ஏழுமலை தலையிலிருந்த துண்டை எடுத்து மறுபடி கட்டினார். "இன்னாம்மா நீங்க. ஆம்பள போயி... புள்ளைக்கு இன்னும் தீட்டு கழிச்சு புண்ணியாசனம் கூட ஆவல. எங்கூர்ல கேட்டா காறித் துப்புவானுங்க. சார நீங்களே கேளுங்க."

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவர் சொன்னதில் எனக்குப் புரியாதது எதுவுமில்லை. நான் தரையைப் பார்த்தேன். உன் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.

"சரி. நீங்க கழட்டுங்க" என்றாள் என்னிடம்.

"நானா?"

"இங்க வேற ஃபிசிக்ஸ் வாத்தியார் யாரு இருக்காங்க?"

படுத்திருந்த கஸ்தூரி அந்த நடுக்கத்திலும் சிரித்தாள். மறுக்கத் தைரியமில்லாமல்தான் சட்டையைக் கழற்றினேன், சீனு. இதில் என் பெருமை ஒன்றுமில்லை. உன் அம்மாவிடமும் பயம், ஏழுமலைக்கு முன்னால் மறுக்கவும் பயம்; இரண்டு பயங்களுக்கு நடுவில் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது. நம் வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலியை எடுத்துப்போட்டுக்கொண்டு, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, கட்டடத்து வாசலுக்கு உட்புறம் சாய்ந்து உட்கார்ந்தேன். உன் அம்மா குழந்தையை என் நெஞ்சில் கவிழ்த்து, சால்வையைச் சுற்றி, ஊக்கு குத்திவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு எடையே இல்லை. ஒரு சப்பாத்தி மாவு உருண்டையை வைத்ததுபோல் இருந்தது. முதலில் என் உடம்பின் சூடு போவது தெரிந்தது. அது பட்ட இடம் மட்டும் ஈரத்துணி ஒட்டியதுபோல் குளிர்ந்தது. பிறகு எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, எது என் சூடு எது அதன் சூடு என்று பிரிக்க முடியாமல் போயிற்று. அதன் மூச்சு நடுவில் ஒரு கணம் நிற்கும். நான் உடனே அசைவேன். அதுவும் அசைந்து மறுபடி மூச்சு விடும். பாடப்புத்தகத்தில் வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போகும் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை நான் அதுவரை வெறுமனே மனப்பாடம் செய்திருந்தேன் என்று தோன்றியது.

அப்போதெல்லாம் நான் பயந்துகொண்டிருந்தது ஒன்றுக்குத்தான்: உன் தாத்தா பார்த்துவிடக் கூடாது. பார்த்துவிட்டார். தடியை ஊன்றிக்கொண்டு, தலையில் மஃப்ளரோடு, தெருவைக் கடந்து நேராக வந்தார். எழுந்து நிற்க வேண்டும் என்று கால் துடித்தது. குழந்தை இருந்ததால் எழ முடியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அப்பா நிற்க நான் உட்கார்ந்திருந்தேன்.

"யார் வீட்டுக் குழந்தை?"

"வாட்ச்மேனோடதுப்பா. அம்மாவுக்குக் காய்ச்சல். இப்படி வெச்சாத்தான் சூடு..."

குனிந்து சால்வையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். "குல்லா தளர்ந்திருக்கு பார். காதை மூடு" என்றார். பிறகு அந்த அறையைத் திரும்பிப் பார்த்தார். என் பிளாஸ்டிக் தாள்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. நான் "நம்ம முன்ரூம்ல இவங்களை வெச்சுக்கலாமாப்பா?" என்று கேட்டேன்.

"இத்தனை நாளா ஏன் வெச்சுக்கல?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நீங்க தீட்டு..." என்று ஆரம்பித்தேன். "நான் சொன்னேனா?" என்றார். தடியை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போனார். தீட்டு அவருக்கு உண்டுதான். அன்று சாயங்காலம் பூஜை சாமான்களைத் தானே எடுத்துக்கொண்டு போய் மாடியறையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அதற்கு வழி. கேட்டிருந்தால் முதல் நாளே அந்த வழி கிடைத்திருக்கும். அவர் போடாத தடையை நானே போட்டு, நானே அதற்குக் கட்டுப்பட்டு, ஒரு குழந்தையை ஏரிக்காற்றில் விட்டுவைத்திருந்தேன். வேறு என்னென்ன தடைகளை அவர் பேரில் நானே போட்டுக்கொண்டேன் என்று அன்று கணக்குப் பார்க்கத் தொடங்கியவன், இன்னும் முடிக்கவில்லை.

கஸ்தூரியும் குழந்தையும் முன்ரூமுக்கு வந்தார்கள். ஏழுமலை கட்டடத்தை விட்டு வர முடியாது. கம்பி போனால் வேலை போகும். காலையில் காவல் முடிந்ததும் நம் வாசல் நிலையருகே வந்து நிற்பார். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார். என் நெஞ்சில் குழந்தை இருப்பதைப் பார்த்துக்கொண்டே, "பால் குடிச்சுதா சார்", "தூங்குச்சா சார்" என்று என்னைக் கேட்பார். தன் குழந்தையைப் பற்றி அடுத்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். நீ சின்னவனாக இருந்தபோது உன்னைப் பற்றி உன் அம்மாவிடம் நான் அப்படித்தான் கேட்பேன்.

ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தவர், குழந்தை தும்மியதும் படியேறி உள்ளே வந்துவிட்டார். "குடுங்க சார்" என்றார். காக்கிச் சட்டையின் பொத்தான்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். விரல் விறைத்திருந்ததால் நேரமானது. உள்ளே படுத்திருந்த கஸ்தூரி, "கைய தேச்சிக்கினு வாங்குய்யா, ஐஸு மாதிரி இருக்கும்" என்றாள். அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். நான் உடனே கொடுக்கவில்லை, சீனு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், தூக்கம் கலைந்துவிடும் என்று என்னவோ சொன்னேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார். "எம்புள்ள சார்" என்றார், தாழ்ந்த குரலில். ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, மூச்சுவிடக்கூடப் பயந்தவராக மேலே பார்த்துக்கொண்டிருந்தார். என் நெஞ்சில் குழந்தை இருந்த இடத்தில் மட்டும் குளிர் வந்து உட்கார்ந்தது.

அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. தைமாதப் பனி விலகுவதற்குள் கன்னம் வைத்துவிட்டது. கஸ்தூரிக்குக் காய்ச்சல் விட்டு, குடும்பமாகக் கட்டடத்துக்கே திரும்பினார்கள். இரவில் இருவரும் முறைபோட்டுக்கொண்டு வைத்திருப்பதாகக் கஸ்தூரி சொல்வாள். வழக்கு முடிந்து கட்டட வேலை தொடங்கியபோது ஊருக்குப் போய்விட்டார்கள். பிறகு தகவல் இல்லை.

இனிதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது. ஏழுமலை குழந்தையை வாங்கிக்கொண்ட அந்தக் காலையில் நீ உள்கதவருகே நின்றிருந்தாய், யூனிஃபார்மில், ஷூவில் ஒரு காலை மட்டும் நுழைத்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றாயோ. நான் பார்த்ததும் போய்விட்டாய். அன்று நீ உன் அம்மாவிடம், "என்னையும் அப்பா இப்படித்தான் வெச்சுக்குவாராம்மா?" என்று கேட்டாயாம். "ஆமாண்டா, உன்னை எறக்கவே மாட்டார்" என்று அவள் சொன்னாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நம்மை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பதிலை நீ இவ்வளவு காலம் நம்பிக்கொண்டிருக்கிறாயோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். போன மாதம் நண்பர்களிடம் போனில், "எங்கப்பா என்னைக் கீழயே விடமாட்டாராம்" என்று நீ சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன்.

அது உண்மையில்லை, சீனு. உன் அம்மா எனக்காகச் சொன்ன பொய். நீயாக நடந்து வந்து என் காலைப் பிடித்தபோதுதான் உன்னை முதலில் தூக்கினேன், அதுவும் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. உன் நெஞ்சு என் நெஞ்சில் பட்டதே இல்லை. அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சு எப்படி இருந்தது என்று என்னால் பக்கம் பக்கமாக எழுத முடிகிறது. உன்னுடையது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. உன் மகள் நாளைக்கு உன் மனைவியிடம் இதே கேள்வியைக் கேட்பாள். அந்தப் பெண் உனக்காகப் பொய் சொல்லும்படி வைக்காதே.

யார் பார்ப்பார்களோ என்று நினைத்தால், நான் அங்கே இருக்கப்போகிறேன், பெரியவன் என்ற முறையில். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வராதே. முன்னால் பொத்தான் வைத்த சட்டையாகப் போட்டுக்கொள். உள்ளே பனியன் வேண்டாம்.

அப்பா